முகம் பார்க்கத் தெரிந்த மாமா

ஒரு நல்ல பையனை, அவன் பன் மஸ்கா மென்ற விதத்தைப் பார்த்து, கல்நெஞ்சன் என்று தீர்ப்புச் சொன்னவன் நான். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத தீர்ப்பு. இதை எழுதாமல் இத்தனை வாரம் வேறு கதைகளை ஓட்டியதற்குக் காரணம் அடக்கம் என்று யாராவது நினைத்திருந்தால், இல்லை, வெட்கம்.

சம்பவம் நடந்த இடம் புனேயில் கேம்ப் பகுதியில் ஒரு பழைய இரானி ஹோட்டல். தீபாவளி முடிந்து, அலமாரியில் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பிக்கும் நாட்கள். பளிங்கு மேஜை. சாயா கிளாஸ்கள் விட்டுச் சென்ற ஈர வளையங்கள். பன் மஸ்காவுக்குள் உருகிய வெண்ணெயின் வாசனை. மேஜைக்கு இந்தப் பக்கம் நான், என் மனைவி கலா, நடுவில் என் அக்கா மகள் மதுமிதா. அந்தப் பக்கம் சுதாகர் என்ற பையனும் அவனுடைய அம்மா கோமதியும்.

பெண் பார்க்கும் வைபவம்தான். ஆனால் மதுவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "சும்மா சாயா குடிக்கப் போறோம் மாமா" என்றுதான் கூட்டி வந்தாள். விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான்கு வருடமாக விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

சுதாகர் மதுவைப் பார்க்கவில்லை. பன்னைப் பார்த்தான். தாடையை இறுக்கிக்கொண்டு மென்றான். கேட்ட கேள்விக்கு இரண்டே வார்த்தையில் பதில் சொன்னான். அவனுடைய அம்மா வாயின் ஒரு ஓரத்தால் மட்டும் சிரித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தச் சிரிப்பில் ஏளனத்தைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நடுவில் மது எதற்கோ சிரித்தாள். அதுகூட வேண்டாவெறுப்பாகச் சிரிப்பது போலத்தான் பட்டது.

கிளம்பும்போது மது எல்லாரையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தாள். ஆட்டோவில் ஏறியதும் நான் வாய் திறந்தேன்.

"வேண்டாம். பையன் முகத்துல ஈரமே இல்ல. அம்மாக்காரி நம்மளப் பாத்து நக்கலாச் சிரிக்கறா."

மது போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலா மட்டும், "அப்புடியாங்க? எனக்கு ஒண்ணும் அப்புடித் தெரியலீங்களே" என்றாள்.

"உனக்குத் தெரியாது" என்றேன்.

ஒரு விக்கினால் வந்த புகழ்

உனக்குத் தெரியாது என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு வரன் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய் உட்கார்ந்திருந்தேன். கேசரி சுமாராக இருந்த எரிச்சலில், "இவன் எதையோ மறைக்கறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவைத்தேன். ஒரு வாரத்தில் மாப்பிள்ளை தலையில் இருந்தது விக் என்று தெரியவந்தது.

அவ்வளவுதான். குடும்பத்தில் எனக்குப் பட்டம் சூட்டப்பட்டுவிட்டது. "அவன் ஒருக்கா பாத்தாப் போதும், ஆள எடை போட்டுருவான்." நான் பார்த்தது முகத்தை அல்ல, தலையை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அதற்குப் பிறகு வீடு பார்க்க, வேலைக்கு ஆள் வைக்க, பழைய கார் வாங்க என்று எதற்கும் என் முகதரிசனம் தேவைப்பட்டது. கார் விஷயத்தில் எந்த முகத்தைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

போதாக்குறைக்கு நான் தாய்மாமன் வேறு. எங்கள் பக்கத்தில் கல்யாண காரியத்தில் தாய்மாமன் "உம்" என்றால்தான் பந்தல்காரனுக்கே சொல்லி அனுப்புவார்கள். இரானி ஹோட்டலுக்குப் போய்வந்த அன்று மாலை அக்கா போனில் அழைத்தாள்.

"என்னடா தம்பி, பையன் எப்புடி?"

"சரிப்படாதுக்கா."

"நீ பாத்துச் சொன்னாச் செரி. அப்பறம் என்ன இருக்குது."

நான் போனை வைத்தபோது மது தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில் புனே நகரம் மொத்தமும் என் மேல் கோபமாக இருந்தது.

ஊரே முறைத்த காலம்

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மழை நின்றபோதே இருந்திருக்க வேண்டும். காலையில் ஷேவிங் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டு, அதை முகம் வரை கொண்டுபோவதற்குக் கால் மணி நேரம் யோசிப்பேன். கலாவின் ரசம் வெந்நீராக இருந்தது. யாராவது போன் செய்தால், அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஓய்ந்ததும், பார்த்தாயா, இரண்டாம் முறை கூப்பிடவில்லை, அவ்வளவுதான் மரியாதை என்று தோன்றும்.

கவனிக்க வேண்டியது, நான் சோகமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி மாற்றிய பிறகு பஸ் நம்பர் தெளிவாகத் தெரியுமே, அப்படி மனிதர்கள் கடைசியில் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இத்தனை வருடம் இவர்கள் மனதில் இருந்த வெறுப்பு எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது தெரிகிறது.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சல்யூட் அடித்தால் நக்கல். நான் வேலை பார்க்கும் வங்கியில் பக்கத்து மேஜைக்காரர் குட்மார்னிங் சொல்லவில்லை என்றால் பகை, சொன்னால் நடிப்பு. புனேக்காரர்களுக்கு இயல்பாகவே முகத்தில் எதையும் காட்டாத ஒரு கலை உண்டு. மத்தியானம் ஒரு மணிக்குக் கடைக்காரர் நம் மூக்குக்கு நேரே ஷட்டரை இறக்குவார். அதில் வெறுப்பு எதுவும் கிடையாது, அவருக்குச் சாப்பாட்டு நேரம், பிறகு தூக்க நேரம். பத்தொன்பது வருடமாக இதைப் பழகி ரசித்தவன், அந்த மாதங்களில் ஒவ்வொரு ஷட்டரும் எனக்காகவே இறங்குவதாக நம்பினேன்.

உச்சகட்டம் சங்கராந்தியன்று. இங்கே அன்றைக்கு அண்டை வீட்டார் எள்ளுருண்டை கொடுத்து, "இனிப்பை எடுத்துக்கோங்க, இனிமையா பேசுங்க" என்று மராத்தியில் சொல்வார்கள். ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வது. எதிர் ஃப்ளாட் குல்கர்னி பாட்டி என்னிடமும் சொன்னார்.

நான் எள்ளுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எப்ப உங்ககிட்ட இனிமையில்லாம பேசினேன்?" என்று கேட்டேன். ஹிந்தியில். உரக்க.

பாவம் அந்தப் பாட்டி. தட்டோடு இரண்டு அடி பின்வாங்கினார். அவர் முகத்தில் இருந்தது பயம் என்று இப்போது தெரிகிறது. அன்று அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே இந்தப் பத்திரிகைக்கு வாராவாரம் நகைச்சுவைக் கட்டுரை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. "இப்போதுதான் நீங்கள் ஃபார்முக்கு வந்திருக்கிறீர்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாழ்க.

கலாவின் முகம்

எள்ளுருண்டை நடந்த மறுவாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

உதடு இறுகியிருந்தது. புருவம் நெரிந்திருந்தது.

"இப்ப எதுக்கு என்மேல கோபமா இருக்கே? நான் என்ன பண்ணிட்டேன்?"

அவள் பட்டாணித் தோல் ஒட்டியிருந்த கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க, நான் அழுதுட்டு இருக்கறனுங்க."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து நின்றது. இருபத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவள் அழுகிறாள். எனக்கு அது கோபமாகத் தெரிகிறது. கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எதுக்கு அழுவறே?" என்றேன்.

"உங்களப் பாத்துத்தான். தெரியலீங்களா?"

தெரியவில்லை. அதுதான் விஷயம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஒரு பிடி பட்டாணியை என் முன்னால் தள்ளினாள். இரண்டு பேரும் உரித்தோம். கடைசிக் காய் உரிபட்டதும், "நாளைக்கு ஒரு டாக்டரப் பாத்துட்டு வரலாமுங்க" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசும் தெம்பு அப்போது என்னிடம் இல்லை என்பதுதான் நிஜம். ஆனால் அவள் அதை என் பெருந்தன்மை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

பசித்த டாக்டர்

மனநல டாக்டரின் அறை விமான் நகரில், ஏர்போர்ட்டுக்குப் பக்கம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விமானம் தலைக்கு மேல் போகும். அது போய் முடியும் வரை நோயாளியும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மராத்திக்கார அம்மாள். பேச்சு ஹிந்தியில் நடந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வாட்ச்மேன், ஷட்டர், எள்ளுருண்டை, பட்டாணி. ஒரு விமானம் போனது. அது ஓய்ந்ததும் கேட்டார்:

"இப்போது என் முகத்தில் என்ன தெரிகிறது? யோசிக்காமல் சொல்லுங்கள்."

"என்னைப் பார்த்தால் உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறது. எப்போது எழுந்து போவான் என்று நினைக்கிறீர்கள்."

"எனக்குப் பசிக்கிறது" என்றார் டாக்டர். "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை."

மேஜை இழுப்பறையைத் திறந்து சப்பாத்தி டப்பாவை எடுத்துக் காட்டினார். சாட்சியம்.

பிறகு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மனச்சோர்வு என்பது அழுமூஞ்சியாக உட்கார்ந்திருப்பது மட்டும் இல்லை. பலருக்கு அது அடுத்தவர் முகத்தைப் படிக்கும் இடத்திலும் கை வைத்துவிடும். சும்மா இருக்கும் முகம் நமக்கு எதிராக இருப்பது போலத் தோன்றும். மெல்லிய சந்தோஷம், சின்னப் பிரியம், இதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். பயமும் கவலையும் கோபமாகத் தெரியும். நாம் அதை நம்பி ஒதுங்குவோம். ஒதுங்கினால் மற்றவர்களும் நம்மிடம் வரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து, நான் நினைத்தது சரிதான் என்று இன்னும் ஒதுங்குவோம்.

"அப்படியென்றால் அவர்கள் யாரும் என்னை வெறுக்கவில்லையா?"

"ஓரிரண்டு பேர் வெறுக்கலாம்" என்றார் டாக்டர். "எல்லாருக்கும் அவ்வளவு நேரம் கிடையாது."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை வந்து பேசச் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார். யார் முகத்தைப் பார்த்தும் முடிவுக்கு வராமல், சந்தேகம் இருந்தால் வாய் திறந்து கேட்கச் சொன்னார். இதில் கஷ்டமானது கடைசி மருந்துதான்.

ஒரே நாளில் விடிந்துவிடவில்லை. மாம்பழம் வண்டிகளில் வர ஆரம்பித்த சமயம், விஷ்ராந்த்வாடி நாற்சந்தியில் காய்காரம்மா என் கத்தரிக்காயை எடை போட்டு, மேலே ஒரு பிடி கொத்தமல்லியை வைத்துவிட்டு, நான் பூச்சி பார்த்துப் பொறுக்கியதைப் போலவே கண்ணை இடுக்கி நடித்துக் காட்டினார். முன்பல் இரண்டு இல்லாத வாய். எனக்குச் சட்டென்று புரிந்தது: கிண்டல் செய்கிறார். பிரியமாக. அந்தக் கொத்தமல்லி இத்தனை மாதமும் இனாமாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நடுத்தெருவில் நின்று நான் சிரித்ததைப் பார்த்து அவர் பயந்துபோய் இன்னொரு பிடி வைத்தார்.

மேஜையில் ஐந்து பேர்

அந்த வாரமே, கலாவின் போனில் எதையோ தேடும்போது, அந்த இரானி ஹோட்டல் செல்ஃபி வந்து நின்றது.

பையன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்நெஞ்சம் எங்கே என்று தேடினேன். வாயில் பன்னை அடைத்துக்கொண்டு, அதை விழுங்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழிக்கும் ஒரு பயந்த பிள்ளை. அவனுடைய அம்மா சிரித்தது ஏளனமாகவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. மது அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எதைச் சொல்கிறது என்று படிக்க எந்த மாமாவும் தேவையில்லை.

அந்தப் படத்தில் பார்க்கப் பயமாக இருந்த முகம் ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில், பழுப்பு ஸ்வெட்டரில் இருந்தது.

மது ஆபீசிலிருந்து வந்ததும் அவளிடம் போனை நீட்டினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன் மது. உனக்கு... அந்தப் பையனப் புடிச்சிருந்துதா?"

அவள் பையைக் கழற்றாமலே நின்றாள்.

"புடிச்சிருந்துச்சு மாமா. அன்னிக்கே சொல்லலாம்னு வந்தேன். உங்க முகத்தப் பாத்துட்டு விட்டுட்டேன். எதச் சொன்னாலும் ஒடைஞ்சு போயிருவீங்கன்னு இருந்துச்சு."

"நீ என்மேல கோபமா இருக்கறதா நெனச்சேன்."

"கோபமாத்தான் இருந்தேன். அது ஒண்ணத்தான் கரெக்டாப் பாத்துருக்கீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். இந்த முறை அழுகை அழுகையாகவே தெரிந்தது. அது ஒன்றும் சுகமான முன்னேற்றம் அல்ல. ஆறு மாதம். அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தால்? அவனை அழைத்துக் கேட்க அவளுக்கு மானம் இடம் தரவில்லை. வேண்டாம் என்று சொன்னது நம் வீடு.

"நான் போய்க் கேக்கறேன்" என்றேன்.

"என்னன்னு கேப்பீங்க?"

"நான் லூசா இருந்தேன்னு சொல்றேன்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் மது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உடம்பு சரியில்லாம இருந்தேன்னு சொல்லுங்க."

கோமதி அம்மாளின் பதில்

கேம்ப்பில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் பழைய கட்டடத்தில் முதல் மாடி. மூன்று தலைமுறைக்கு முன்பு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கோமதி அம்மாள் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, அதே ஓரச் சிரிப்போடு, "அரே, வாங்க சார், வாங்க" என்றார். அதில் என்ன இருக்கிறது என்று ஆராய்வதைக் கஷ்டப்பட்டு நிறுத்திக்கொண்டேன். வாய் திறந்து கேள் என்பதுதானே மருந்து.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையின் பெயர் வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனப்பறம் ரெண்டு வருசம் இதே முகந்தான். நாங்க எல்லாரும் கோபக்காரர், கோபக்காரர்னு தள்ளியே இருந்துட்டோம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போணும்னு யாருக்கும் தோணல. அவ்ளோதான், அப்படியே போய்ட்டாரு." சுவரில் மாலை போட்ட படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு ஓட்டல்ல உங்களப் பாத்ததும் சுதாகர்கிட்ட சொன்னேன், அந்த மாமாவுக்கு உடம்பு சரியில்லடா, நீ டென்சன் எடுத்துக்காதேன்னு. அவன் உங்களப் பாத்தே நடுங்கிட்டான். ஒரு பன்ன முழுங்க முடியல அவனால."

அந்த மேஜையில் முகம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். நான் ஏளனக்காரி என்று பட்டம் கட்டிய அதே ஆள்.

"நாங்க வந்து கேட்டிருக்கலாம்" என்றார். "ஆனா வேணாம்னு சொன்ன வீட்டுல போயி, உங்க மாமாவுக்கு என்னா வியாதின்னு எப்படிக் கேக்கறது?"

"சுதாகருக்கு வேற எங்கயாவது..." என்று இழுத்தேன்.

"ரெண்டு எடம் வந்துச்சு. ரெண்டையும் அவன் போயிப் பாக்கவே இல்ல." எழுந்து சமையலறைப் பக்கம் போனார். "சாயா எடுத்துக்கிறீங்களா? பன்னு வேணாம், பிஸ்கட் தரேன்."

மற்றதை மதுவும் சுதாகரும் அவர்களே பேசிக்கொண்டார்கள். எட்டு சாயா ஆயிற்று என்று மது கணக்குச் சொன்னாள். அக்காவிடம் நானே போன் செய்து, என் தீர்ப்பை நானே ரத்து செய்வதாகச் சொன்னேன். "ஏண்டா, முகத்த மறுபடியும் பாத்தியா?" என்றாள் அக்கா. "இல்லக்கா, கேட்டேன்" என்றேன்.

கணபதி விழாவுக்கு முந்தைய வாரம் நிச்சயதார்த்தம். ஹால் பக்கத்தில் ஊர்வலத்துக்காக ஏதோ ஒரு இளைஞர் மண்டலி டோல் மேளம் அடித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. தாம்பூலத் தட்டில் இருந்த வெற்றிலை எல்லாம் அதிர்ந்தது. குல்கர்னி பாட்டியை நானே போய் அழைத்திருந்தேன். இனிமையாகப் பேசி. சுதாகர் என்னிடம் வந்து, "மாமா, நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டான். முழு வாக்கியம்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது மனம் நிறைந்திருந்தது. கலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு கலா. இன்னிக்கு சம்பந்தியம்மா முகத்தப் பாத்தியா? தட்டு மாத்தும்போது சந்தோஷம் தாங்க முடியாம கண்ணு கலங்கிட்டாங்க. நான் கவனிச்சுட்டே இருந்தேன்."

கலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவுங்களுக்குப் புதுச் செருப்புக் கடிச்சுருச்சுங்க. எங்கிட்ட நாலு தடவ சொல்லிட்டாங்க."